நாச்சிமுத்து எழுதின பேய்

நீங்களே நியாயமாச் சொல்லுங்க. சிநேகிதன் ஒருத்தன் பொஸ்தகம் எழுதறான். அது நல்லா இல்லை. நல்லா இல்லைன்னு சொல்லலாமா, கூடாதா?

அட, உக்காருங்க. உங்க மிக்ஸி எங்கயும் ஓடிப்போயிராது. மோட்டாருக்குக் கம்பி சுத்தியாச்சு, வார்னிஷ் அடிச்சாச்சு, அது காயோணும். காயாம ஓட்டினா மறுக்காப் புகையும். அப்புறம் சென்னியப்பன் கடையில குடுத்தேன், புகைஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. சித்த நேரந்தான். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடை தெரியுதுங்களா? உள்ள கண்ணாடி போட்டுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கறானே, அவன்தான் நாச்சிமுத்து. என்ற சிநேகிதன். நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இந்தக் கோபி ஊருல எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். ஊட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. மகன் ஓசூர்ல இருக்கான், போன் பண்ணினா மீட்டிங்குங்கறான். மிச்சம் நாச்சிமுத்துதான். அந்த ஒருத்தனும் என்னைய உட்டுப் போயிருவானோன்னு ஒரு மாசம் நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லைங்க. எல்லாம் ஒரு பேய்க்கதையால.

சாயங்காலம் டீ நேரமாச்சுன்னா நான் அவன் கடைக்குப் போயிருவேன். வருசக்கணக்கா அப்படித்தான். பாவம், அவனுக்கும் பேச ஆளு வேணுமல்ல? போனதும் பேப்பரை எடுத்து நடுப்பக்கத்தைப் படிச்சுச் சொல்லுவேன். அவன் படிச்சிருந்தாலும் நான் சொன்னாத்தான் அவனுக்கு விளங்கும். ஜெராக்ஸ் கோணலா வந்தாச் சொல்லுவேன். கடைக்கு வர்றவங்ககிட்ட அவன் பேசற முறை சரியில்லைன்னா அதையும் அங்கயே, அவங்க முன்னாலயே சொல்லிருவேன். பின்னால பேசற பழக்கம் எனக்குக் கிடையாதுங்க. கடை சாத்தற வரைக்கும் கூட இருந்து, அவன் பூட்டினதுக்கப்புறம் பூட்டை ஒருக்கா இழுத்துப் பாத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். இந்தக் காலத்துல யாருங்க இப்படி இருப்பாங்க?

போன வருசம் மழைக்காலத்துல அவன் ஒரு மாதிரி ஆயிட்டான். நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன், அவன் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருப்பான். என்னடா தட்டறேன்னு கேட்டா பத்திரம்டாம்பான். நான் பேசப் பேச வேகமாத் தட்டுவான். சில சமயம் சட்டுன்னு நிமிந்து, “இப்ப என்ன சொன்னே? இன்னொருக்காச் சொல்லு”ம்பான். அவ்வளவு மரியாதைங்க என்ற பேச்சு மேல. நானும் நிறுத்தி, நிதானமா, மறுக்காச் சொல்லுவேன்.

அது பத்திரமில்லை, பேய்க்கதைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுதுன்னா அது பெரிய கூத்து. இவன் சொந்தமா அச்சுப் போடறேன்னு அவன் மெசின்லயே அடிச்சுப் பாத்திருக்கறான். மை கொட்டினது, மங்கலா வந்ததுன்னு கழிச்ச தாளையெல்லாம் என்ன பண்ணினான்? எப்பவும் போல டீக்கடை ராக்கியப்பனுக்குக் குடுத்துட்டான், பஜ்ஜி மடிக்கறதுக்கு. அந்த வீதியில இருக்கற அத்தனை பேரும் பஜ்ஜி தின்னுபோட்டு அந்தக் கதையப் படிச்சுப்போட்டாங்க. முன்னப் பின்னத்தான், இருந்தாலும் முழுசா. ஒருத்தருக்கு எட்டாவது அத்தியாயம் வந்துச்சுன்னா அடுத்தவருகிட்ட ஒம்பதாவதை வாங்கிப் படிக்கறதுக்கு இன்னொரு பஜ்ஜி வாங்குவாங்க. ராக்கியப்பனுக்கு அந்த மாசம் நல்ல ஓட்டம்.

எனக்கு மட்டும் ஒரு தாளும் வரலைங்க. எனக்கு அவன் வாழையெலையிலதான் மடிச்சுக் குடுப்பான். “பெரியவரு, மை ஒட்டின தாள்ல குடுக்கலாமுங்களா?”ன்னு கேப்பான். நல்ல மனுசன்.

கதைக்குப் பேரு ‘அவன் போகமாட்டான்’. நான் வீதியில நடந்து போனா அவனவன் கடைக்குள்ள இருந்து, “அவன் போகமாட்டான்!”னு கத்துவான், சிரிப்பான். நானும் கை காட்டிச் சிரிச்சுட்டுப் போவேன். சிநேகிதன் பொஸ்தகத்துக்கு ஊரே சேந்து விளம்பரம் பண்ணுதேன்னு எனக்கு அத்தனை பெருமை.

ஆனா நாச்சிமுத்து எனக்குப் பொஸ்தகம் குடுக்கவே இல்லைங்க. கேட்டா, “உனக்குப் பேய்க்கதை புடிக்காதுடா”ம்பான். “பைண்டிங் ஆகலடா”ம்பான். கண்ணைப் பாத்துப் பேசமாட்டான். அவனுக்கு வெக்கம்னு நெனச்சேன். முத பொஸ்தகமல்ல. மொதல்ல நான் என்ன சொல்லுவேனோன்னு பயந்திருப்பான். பயந்தது சரிதானுங்க, அதுக்கப்புறம் பாருங்க.

ஆடி மாசம், கல்யாணம் கிடையாது, மண்டபத்து டைனிங் ஹால் சும்மாக் கிடக்குது, அங்க வெளியீட்டு விழா வெச்சான். நான் முன்னாலயே போயிட்டேன். சேர் போடறவன் வரிசையே தெரியாமப் போட்டிருந்தான், அதை மாத்திப் போடச் சொன்னேன். மேசை மேல பொஸ்தகம் அடுக்கியிருந்துச்சு. யாரையும் கேக்கல, ஒண்ணை உருவி எடுத்துக்கிட்டுக் கை கழுவற இடத்துப் பக்கமா உக்காந்து படிச்சேன். தடிமன் இல்லைங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள படிச்சு முடிச்சுட்டேன்.

கதை என்னன்னு கேளுங்க. ஒருத்தன் சொந்தமா ஊடு கட்டிக் குடி போறான். சாயங்காலமானா ஒரு பேய் வருது. வந்து கழுத்தைப் புடிக்குமா? இல்லை. ரத்தம் குடிக்குமா? அதுவும் இல்லை. சேர்ல உக்காந்து டீ கேக்குது. அதுவும் சக்கரை கம்மியா. பேய்க்கு எதுக்குங்க சக்கரை கம்மி? அப்புறம் பேப்பரை எடுத்துப் படிக்குது. “நான் ஒண்ணு சொல்றேன் கேளு”ன்னு ஆரம்பிச்சுப் பேசுது. பேசுது, பேசுது, பேசிக்கிட்டே இருக்குது. அவன் எலுமிச்சம்பழம் வெக்கறான், அது புளிப்புப் பத்தலைங்குது. துன்னூறு பூசறான், இது கடையில வாங்கினது, சுத்தமில்லைங்குது. மந்திரவாதியக் கூட்டிட்டு வர்றான், அந்தாளு அரை நாள் அது பேசறதைக் கேட்டுப்போட்டு உடுக்கையப் போட்டுட்டு ஓடிப்போறான். கடைசியில ஊட்டையே வித்துப்போட்டு லாரியில சாமானை ஏத்தறான். பாத்தா முன் சீட்டுல பேய் உக்காந்து, டிரைவருக்கு வழி சொல்லிட்டு இருக்குது. அதோட முடிஞ்சுது.

இதுல பயம் எங்கிங்க இருக்குது? நீங்க சொல்லுங்க. ஏன் வாசலைப் பாக்கறீங்க? காயலைங்க இன்னும், தொட்டா ஒட்டும்.

ஏப்பா, ராக்கியப்பா! ரெண்டு டீ! எனக்குச் சக்கரை கம்மியா!

எங்க உட்டேன்? ஆமா, விழா. விமர்சனம் பேசறதுக்குக் காலேஜு வாத்தியாரு ஒருத்தரைச் சொல்லியிருந்தாங்க. அவருக்குப் பரீட்சை வேலை வந்துருச்சு, வர முடியலைன்னு போன் வந்துச்சு. கூட்டம் உக்காந்திருக்குது. நாச்சிமுத்து முழிக்கறான். சிநேகிதன் முழிக்கறப்ப நான் சும்மா இருக்க முடியுங்களா? “நான் பேசறேன்டா”ன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. “நீ வேண்டான்டா, நீ பொன்னாடை மட்டும் போத்துடா, சாமி”ன்னு கையப் புடிச்சான். நான் பேசி நேரம் போயிருமோன்னு பயம் போலிருக்கு. அவன் கையத் தட்டி உட்டுட்டு மேடை ஏறிட்டேன்.

பொஸ்தக விழாவுல எல்லாரும் என்னங்க பண்ணுவாங்க? படிக்காம வந்து, அட்டையப் பாத்துப்போட்டு, ஆகா ஓகோம்பாங்க, சால்வை போத்திக்குவாங்க, போயிருவாங்க. எனக்கு அது வராதுங்க. மோட்டார் கெட்டிருந்தா கெட்டிருக்குதுன்னுதான் சொல்லுவேன். பெயிண்ட் நல்லா இருக்குதுன்னு சொல்லி அனுப்பமாட்டேன். அதைத்தான் மைக்கிலயும் சொன்னேன். “நாச்சிமுத்து என்ற உயிர் சிநேகிதன். அதனால உண்மையச் சொல்றேன். இந்தக் கதையில பேய் சரியில்லை”ன்னு ஆரம்பிச்சேன்.

சிரிச்சாங்க பாருங்க! நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. “பேயின்னா பயமுறுத்தோணும், இது உக்காந்து நியாயம் பேசுது”ன்னேன். சிரிப்பு. “அதுவும் அது பேசறதெல்லாம் சரியாத்தான் பேசுது. பியூஸ் போனா மாத்தாம இருக்கறியேன்னு கேக்குது, நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்”னேன். ராக்கியப்பன் தலையில கை வெச்சுக்கிட்டுச் சிரிக்கறான். “இந்தப் பேய் கூடமாட இருந்து பூட்டெல்லாம் இழுத்துப் பாத்துட்டுப் போகுது, இதுக்கு ஒரு நன்றியாச்சும் சொன்னானா அந்தக் கதாநாயகன்?”னு கேட்டேன். பொம்பளைங்கல்லாம் முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கறாங்க. எனக்கே தெரியலைங்க, எனக்குள்ள இப்படி ஒரு பேச்சாளன் இருந்திருக்கான்னு.

நாச்சிமுத்து மட்டும் தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தான்.

கடைசியா ஒண்ணு சொன்னேன். அதுதான் முக்கியமான குறைன்னு சொல்லிப்போட்டுச் சொன்னேன். “இந்த மாதிரி ஒருத்தன் இருக்கவே முடியாதுங்க. பேயோ மனுசனோ, அவனுக்கும் ஒரு மனசு இருக்குமல்ல? தினமும் ஆசையா ஒருத்தனைத் தேடி வர்றான். அந்த ஒருத்தன் மனசுக்குள்ள, இவன் எப்பப் போவான், இவன் எப்பப் போவான்னு நெனச்சுக்கிட்டு இருக்கறான். அது தெரிஞ்சா அவன் மறுநாளு அந்தப் பக்கம் கால் வெப்பானா? வெச்சா அவனுக்கு அங்க உட்டா வேற போக்கிடம் இல்லைன்னு அர்த்தம். அதை நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. அதனால கதை நிக்கலை.” அவ்வளவுதான் சொன்னேன்.

சிரிப்பு நின்னு போச்சுங்க. யாரும் கை தட்டலை. ஒருத்தரு இருமினாரு. சரியான பாயிண்ட்டைப் புடிச்சா கூட்டம் அப்படித்தான் ஆகும்னு நான் நெனச்சுக்கிட்டு இறங்கி வந்தேன். ஏற்புரைக்கு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாங்க. மைக்கைப் புடிச்சான், என்னைய ஒருக்காப் பாத்தான். “நன்றி”ன்னு மட்டும் சொல்லிப்போட்டு உக்காந்துட்டான்.

மறுநாளு சாயங்காலம் எப்பவும் போல அவன் கடைக்குப் போனேன். அவன் எந்திரிச்சு நின்னுட்டான். என்னையப் பாத்து! கலெக்டர் வந்தாப்பல. “வா சென்னி, உக்காரு சென்னி, டீ சொல்லட்டுமா?”ங்கறான். நாப்பது வருசமா ‘டே’ன்னு கூப்பிட்டவன். நான் பேப்பரைப் படிச்சா, “ஆமா, ஆமா, நீ சொல்றது சரி”ங்கறான். ஜெராக்ஸ் கோணலா வருதுன்னா, “சரி பண்ணிடறேன்”ங்கறான். அவன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லைங்க. வாய மூடிக்கிட்டு வேலையப் பாருன்னுதான் சொல்லுவான். எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. விமர்சனம் சுட்டுருச்சு அவனுக்கு. ஊரு முன்னால உண்மையச் சொன்னதை அவனால தாங்க முடியலை.

சரி, அவன் ஆறட்டும்னு அடுத்த நாளு நான் போகலை. அதுக்கடுத்த நாளும் போகலை. அப்படியே போகாம இருந்துட்டேன்.

அய்யோ, அந்தச் சாயங்காலங்க எதிரிக்கும் வரக்கூடாதுங்க. இங்கிருந்து பாத்தா அவன் தலை தெரியுது. அவன் தலை நிமிந்தா நான் குனிஞ்சுக்குவேன். பேப்பர் வாங்கிப் படிச்சேன், சொல்றதுக்கு ஆளில்லை. ரேடியோவுல ஒருத்தன் தப்புத் தப்பாப் பேசினான், அவன்கிட்டச் சண்டை போட்டேன். பக்கத்துக் கடைக்காரரு எட்டிப் பாத்துட்டுப் போனாரு. மகனுக்குப் போன் போட்டு நாச்சிமுத்து இப்படிப் பண்றான்டான்னா, “அப்பா, நீங்க கொஞ்சம் குறைச்சுப் பேசுங்கப்பா”ங்கறான். சம்பந்தமில்லாம. நான் எங்கிங்க எச்சாப் பேசறேன்?

தப்பு பண்ணிட்டமோன்னு மட்டும் எனக்குத் தோணலைங்க. உண்மைய உண்மையின்னுதான் சொன்னேன். ஆனா அதுக்குக் குடுத்த வெலை கொஞ்சம் எச்சுன்னு தோணுச்சு. பாராட்டிப் பேசியிருந்தா சாயங்காலமாச்சும் மிஞ்சியிருக்கும்.

ஒரு நாள் நாச்சிமுத்து ஊட்டுக்காரி சுலோசனா வந்தா. இந்தா, நீங்க உக்காந்திருக்கறீங்களே, அங்கதான் உக்காந்தா. “அண்ணா, கடைப் பக்கம் வாங்கண்ணா. அவரு சரியாச் சோறு திங்கறதில்லைங்க. சாயங்காலமானா ரெண்டு டீ சொல்லிப்போடறாரு. ஒண்ணைக் குடிச்சுப்போட்டு இன்னொண்ணை ஆற உட்டு வெளிய ஊத்தறாருங்க”ன்னா. நான் எதுத்த கடைய எட்டிப் பாத்தேன். இருந்தாலும் உட்டுக் குடுக்கலை. “அவனே வரட்டும்மா. உண்மையச் சொன்னது நானு. கோவிச்சுக்கிட்டது அவன்”னேன். அவ என்னையப் பாத்தா. அப்படி ஒரு பார்வை. “அவரு கோவிச்சுக்கிட்டாருங்களாண்ணா?”ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாளே அவன் வந்தானுங்க. மிக்ஸி ஜாரு ஒண்ணைக் கையில தூக்கிக்கிட்டு. மோட்டார் இல்லாம வெறும் ஜாரு. அதுல நான் என்ன பாக்கறது? வாசப்படியில நின்னுக்கிட்டே, “தப்பு பண்ணிப்போட்டேன்டா. அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க”ன்னான். கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு.

எனக்கும்தான். “உடுறா”ன்னேன். “எல்லாருமே நல்லா எழுதிர முடியுமா? முத பொஸ்தகம் அப்படித்தான் இருக்கும். அதுக்குப் போயி மன்னிப்பெல்லாம் எதுக்குடா?”

அவன் அப்படியே நின்னான். “நீ அன்னிக்கு மேடையில சொன்னியே, போக்கிடம் இல்லைன்னு…” அப்படின்னான்.

“ஆமாண்டா. பேயோட மனசை நீ யோசிக்கலைங்கறேன். அதுதான் ஓட்டை.”

“பேயோட மனசை.”

“பின்ன? யாரோட மனசை?”

வாயத் தொறந்தான், என்னமோ சொல்ல வந்தான். மூடிக்கிட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான் பாருங்க! சிரிக்கறான், அழுவறான், ரெண்டும் ஒண்ணாப் பண்றான். எழுத்தாளன் ஆனா கொஞ்சம் கழண்டுதான் போகும் போலிருக்குன்னு நெனச்சேன். “டே, வா சாயங்காலம். மறுபதிப்புப் போடறேன், எங்கெங்க ஓட்டைன்னு சொல்லு”ன்னான். டேன்னானுங்க! அந்த ‘டே’யக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு.

அன்னிக்கே போனேன். ஓட்டையெல்லாம் வரிசையாச் சொன்னேன். “பேயை வேணும்னா எடுத்துப்போடட்டுமாடா?”ன்னு கேட்டான். எடுத்தா கதையில என்னடா இருக்குதுன்னு சத்தம் போட்டேன். சரின்னு போய், கடைசியில ஒரு அத்தியாயம் புதுசா எழுதிட்டு வந்தான். போன வாரந்தான் குடுத்தான். கடையிலயே நின்னு படிச்சேன்.

அதுல அந்தக் கதாநாயகன் புது ஊட்டுக்குக் குடி வந்துட்டான். நிம்மதியா இருக்கான். சாயங்காலமாகுது. பேய் வரலை. மறுநாளும் வரலை. எழவு உட்டுதுன்னு சந்தோசப்படறான். அப்புறம் என்ன பண்றான்னா, செவுத்துல காலண்டரை வேணும்னே கோணலா மாட்டறான். மாட்டிப்போட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். யாராச்சும் வந்து, ஏண்டா இப்படிக் கோணலா மாட்டியிருக்கறேன்னு சத்தம் போடுவாங்களான்னு. யாரும் வரலை. இன்னுங் கொஞ்சம் கோணலா மாட்டறான். வாசல்ல சத்தம் கேக்குது, ஓடறான். காத்து. அவ்வளவுதானுங்க. முடிஞ்சுது.

நீங்க சிரிக்கறீங்க. காலண்டர்தானே, அதுல என்ன பயம்னு கேக்கறீங்க. எனக்கும் தெரியலைங்க. கையில முடி நட்டுக்கிச்சு. பொழுது கூட எறங்கலை, ஜெராக்ஸ் மெசின் ஓடிக்கிட்டு இருக்குது, ஆளு வந்து ஆதார் கார்டைக் குடுத்துக்கிட்டு இருக்கறான், எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிப்போச்சு. இத்தனை வயசுல நான் எந்தக் கதைக்கும் பயந்ததில்லை.

“எப்படிடா இருக்குது?”ன்னான்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். சொல்றதுக்குக் குறையே அகப்படலை. “இதுதாண்டா பேய்க்கதை”ன்னேன்.

“பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சுடா. நெசமாவே இருந்துச்சு.”

“எனக்கும்தாண்டா”ன்னான். “எழுதறப்பவே.”

நான் பேப்பரைக் கூட எடுக்கலை. சும்மாவே உக்காந்திருந்தோம். வெளிய வெளக்கெல்லாம் போட ஆரம்பிச்சுட்டாங்க. சரி, இவனுக்கும் வேலை இருக்கும், நாம ஒருத்தன் குறுக்க உக்காந்துக்கிட்டு எதுக்குன்னு, என்னவோ அன்னிக்குத்தான் எனக்கு அப்படித் தோணுச்சு, வேட்டியை உதறிக்கிட்டு எந்திரிச்சேன்.

அவன் சேரைப் புடிச்சு என்ற பக்கமாத் தள்ளினான். “அதுக்குள்ள எங்கடா போற? உக்காரு”ன்னானுங்க.